126 யார் கட்டிய வரம்பு?

ரிப்போட்டை வாங்கியவுடன் எல்லாரும் தேடுவது நட்சத்திரக் குறியைத்தான். குறி இருந்தால் வருத்தம், இல்லாவிட்டால் சுகம். இலங்கையின் கிழக்குக் கரையோரத்தில் கல்முனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள எந்த ஆய்வுகூடத்தின் கவுண்டரிலும் இதுதான் வழக்கம். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் கிடையாது. குருதியை எடுப்பதும் அளப்பதுமாகவே காலம் கழித்தவன் என்ற வகையில், அந்தக் குறி எப்படி விழுகிறது என்பதை நான் சொல்லலாம். பெரும்பாலான பரிசோதனைகளில் ‘இயல்பான அளவு’ என்று அச்சாவது என்ன? நோயற்றவர்கள் எனக் கருதப்பட்ட ஒரு கூட்டத்தாரை அளந்து, மேலே இரண்டரை வீதத்தையும் கீழே இரண்டரை வீதத்தையும் வெட்டிவிட்டு, நடுவில் எஞ்சிய 95 வீதத்தினரின் எண்களை எடுத்துப் போட்டதுதான் அது. நல்ல சுகதேகிகளிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் வெளியே நிற்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து செய்த கணக்கு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளைச் சுகமாயிருக்கும் ஒருவருக்குச் செய்தால், ஒன்றிலாவது குறி விழும் வாய்ப்பு 64 வீதம். ‘முழு உடல் பரிசோதனை’ என்று சலுகை விலையில் விற்கப்படும் பொதிகளை வாங்கியவர்களில் அநேகர் ஏன் கவலையோடு வீடு திரும்புகிறார்கள் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

எல்லா எல்லைகளும் இப்படி வெட்டப்பட்டவை என்றும் சொல்ல முடியாது. சீனி வருத்தம், இரத்தச்சோகை, பிறப்பு நிறைக் குறைவு, சிறுநீரக நோய் ஆகியவற்றுக்கு எல்லை போட்டவர்கள் நிபுணர் குழுவினர். கையிலிருந்த சான்றுகளை வைத்துக்கொண்டு, ஒரு தேவைக்காக, ஒரு காலத்தில் போட்டார்கள். வயல் வரம்பு மாதிரித்தான் அது: இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மண், ஆனால் வரம்பு இல்லாமல் தண்ணீர் கட்டவும் முடியாது. மருத்துவச் சொல்லொன்றின் வரைவிலக்கணத்தை எடுத்துக்கொள்பவர், எந்த முறையில் அளந்தது, எந்த நேரத்தில் அளந்தது, எதற்காக வகுத்தது என்ற மூன்றையும் சேர்த்தே எடுக்க வேண்டும். அவற்றைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது வெறும் எண். எங்கள் தொழிலில் நான் கண்ட குழப்பங்களில் பெரும்பங்கு இந்தக் கழற்றலால் வந்தவை. எண் பிழைத்ததால் வந்தவை குறைவு.

எங்கள் கரையோரத்தில் வீட்டுக்கு வீடு பேசப்படும் சீனியையே முதலில் எடுப்போம். வெறும் வயிற்றில் குருதித் திரவவிழையத்தில் டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம், அதாவது லீற்றருக்கு 7 மில்லிமோல், குளுக்கோசு இருந்தால் நீரிழிவு என்பது இன்று பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். 1985-இல் உலக சுகாதார ஸ்தாபனம் வைத்த எண் 140. அது 1997-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நிபுணர் குழுவால் 126 ஆகக் குறைக்கப்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனம் 1999-இல் அதை ஏற்றது. 1996-இல் 130 என்ற எண்ணோடு சுகமாக வீட்டுக்குப் போனவர், அதே எண்ணோடு 2000-இல் நோயாளியாகக் கிளினிக் கொப்பி எடுத்தார். அவருடைய உடலில் எதுவும் மாறவில்லை. இதை வைத்து ‘எல்லாம் சும்மா’ என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் 126 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. அமெரிக்காவின் பீமா பழங்குடியினரிடமும் எகிப்தியரிடமும் அமெரிக்கப் பொது மக்களிடமும் விழித்திரையைப் பரிசோதித்தார்கள். சீனியால் வரும் விழித்திரைச் சேதம் எந்த அளவுக்கு மேல் கூடத் தொடங்குகிறது என்று பார்த்தார்கள். குளுக்கோசு குடிக்கக் கொடுத்து இரண்டு மணித்தியாலத்தின் பின் எடுக்கும் அளவுக்கு 200 என்ற எல்லை ஏற்கெனவே இருந்தது. அந்த 200-க்குச் சமமாக வெறும் வயிற்றில் நிற்பது 140 அல்ல, ஏறத்தாழ 126 என்பதும் தெரிந்தது. ஆக, 126 என்ற எண்ணுக்குப் பின்னால் கண் இருக்கிறது: இந்த அளவுக்கு மேல் விட்டுவைத்தால் பார்வைக்கு ஆபத்து என்பதே அதன் உள்ளடக்கம். 125 உள்ளவரின் கண் பத்திரம், 127 உள்ளவரின் கண் போய்விடும் என்று எந்தக் குழுவும் சொன்னதில்லை.

இதற்குக் கீழேயுள்ள எல்லை இன்னும் சுவையானது. 2003-இல் அமெரிக்கச் சங்கம் ‘நீரிழிவுக்கு முன்னைய நிலை’ தொடங்கும் இடத்தை 110-இலிருந்து 100-க்கு இறக்கியது. உலக சுகாதார ஸ்தாபனம் 110-ஐ விட்டு நகரவில்லை. ஆகவே 105 என்ற எண்ணோடு வருபவர், ஒரு ஆய்வுகூடத்தின் தாளில் குறி விழுந்தவராகவும் பக்கத்துத் தெரு ஆய்வுகூடத்தின் தாளில் குறி இல்லாதவராகவும் இருப்பார். இரண்டு இயந்திரமும் சரி, இரண்டு தாளும் சரி. அச்சிடப்பட்ட எல்லை எந்தக் குழுவினுடையது என்பது மட்டும் தாளில் இராது. கவுண்டரில் ‘சேர், எனக்குச் சீனி இருக்கா இல்லையா?’ என்று கேட்பவருக்கு ஒற்றைச் சொல்லில் பதில் தர முடியாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்துக் கம்பனிகளின் வேலைதான் இது, எல்லையை இறக்கினால் நோயாளர் கூடுவார்கள், குளிசை விற்கும் என்று சொல்பவர்கள் எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் உண்டு, மருத்துவச் சஞ்சிகைகளிலும் உண்டு. அந்தச் சந்தேகத்தை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். உயர் குருதியமுக்கத்தின் எல்லை ஒரு காலத்தில் 160/95. பிறகு 140/90. 2017-இல் அமெரிக்க இருதய அமைப்புகள் அதை 130/80 ஆக்கியபோது, அந்நாட்டின் வயது வந்தோரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் ஒரே நாளில் ‘பிறஷர்’காரர் ஆனார்கள். 2020-இல் சர்வதேச உயர் குருதியமுக்கச் சங்கம் 140/90-ஐயே வைத்துக்கொண்டது. இறக்குவதால் யாருக்கு இலாபம் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழியும் வரைவிலக்கணத்தின் நோக்கத்தைக் கேட்பதுதான். 126-க்குப் பின்னால் விழித்திரைச் சான்று இருக்கிறது. 100-க்குப் பின்னால் அப்படியொரு தெளிவான படி இல்லை. ‘இவர்களில் சிலருக்குப் பின்னாளில் வரலாம்’ என்ற எச்சரிக்கைதான் இருக்கிறது. எச்சரிக்கைக்குச் செய்ய வேண்டியது நடை, உணவு, அடுத்த வருடம் இன்னொரு பரிசோதனை. இரண்டையும் ஒரே தடித்த எழுத்தில் அச்சிடும்போதுதான் சந்தேகத்துக்கு இடம் வருகிறது.

அளக்கும் முறைக்கு வருகிறேன். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் சீனி என்றால் பெரும்பாலும் சிறுநீரைப் பெனடிக்ற் கரைசலோடு கொதிக்க வைத்துப் பார்ப்பதுதான். நீலம் மாறாவிட்டால் இல்லை. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், செங்கல் சிவப்பு என்று நிறம் ஏற ஏறச் சீனியும் ஏறியதாக எழுதுவோம். குருதியில் குளுக்கோசு 180-ஐ ஒட்டிப் போன பின்புதான் பொதுவாகச் சிறுநீரில் அது வெளிப்படும். ஆகவே அந்தக் காலத்துச் ‘சீனி இல்லை’ என்ற சொல்லுக்குள் இன்றைய நீரிழிவாளர் எத்தனையோ பேர் அடங்கியிருந்தார்கள். குருதியை அளக்கப் பழைய புத்தகங்கள் சொன்ன ஃபோலின்–வூ முறை, குளுக்கோசை மட்டும் பிடிக்காமல் தாழ்த்தும் தன்மையுள்ள வேறு பொருட்களையும் சேர்த்துப் பிடிக்கும். அதனால் உண்மையைவிடக் கூடிய எண் வரும். பின்பு வந்த ஓ-தொலுயிடீன் முறையில் அசற்றிக்கமிலத்தோடு கொதிக்கவைத்துப் பச்சை நிறத்தை அளந்தோம். அந்த இரசாயனம் புற்றுநோய் தரக்கூடியது என்பதால் கைவிடப்பட்டது. இன்று நொதிய முறை: குளுக்கோசை மட்டும் தேடிப் பிடிக்கும். முழுக் குருதியில் அளந்தால் ஓர் எண், திரவவிழையத்தில் அளந்தால் பத்துப் பதினைந்து வீதம் கூடிய எண். அதனால்தான் திரவவிழையத்துக்கு 126 என்று சொன்னவர்கள் முழுக் குருதிக்கு 110 என்று தனியே சொல்ல வேண்டியிருந்தது. ‘வாப்பாவுக்கு அந்தக் காலத்தில் சீனி 120 இருந்தும் ஒன்றும் செய்யவில்லை, எனக்கு மட்டும் ஏன் குளிசை?’ என்று கேட்கும் மகனுக்கு இதுதான் விளக்கம். அந்தக் காலத்து எண்ணும் இன்றைய எண்ணும் ஒரே பொருளை அளந்தவை அல்ல.

குழாயில் எடுத்த குருதியும் சும்மா இருப்பதில்லை. உள்ளே உள்ள கலங்கள் உயிரோடு இருப்பதால் குளுக்கோசைத் தின்றுகொண்டே இருக்கும். அறைவெப்பத்தில் மணித்தியாலத்துக்கு ஐந்து முதல் ஏழு வீதம் குறையும். வெயிலில் அதைவிடக் கூட. சாகாமம் போன்ற குளத்தடிக் கிராமமொன்றில் காலையில் எடுத்த குருதி, அக்கரைப்பற்றையும் தாண்டிக் கல்முனைக்கு வந்து, வரிசையில் நின்று, இரண்டு மணித்தியாலம் கழித்துப் பிரிக்கப்பட்டால், எடுக்கும்போது 130 ஆக இருந்தது 120-க்கும் கீழே வந்திருக்கும். சாம்பல் மூடிக் குழாயிலுள்ள புளோரைட்டு அதைத் தடுக்கும் என்பார்கள். தடுக்கும், ஆனால் முழுமையாகப் பிடிக்க ஒன்றிரண்டு மணித்தியாலம் எடுக்கும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து உடனே பிரிப்பதுதான் நிச்சயமான வழி. நகரத்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் தூரத்து விவசாயிக்கும் சட்டப்படி ஒரே வரைவிலக்கணம்தான். நடைமுறையில் விவசாயிக்கு எல்லை பத்துப் பதினைந்து மில்லிகிராம் மேலே தள்ளிப் போய்விடுகிறது. இது யாரும் தீர்மானித்துச் செய்ததல்ல. வண்டி வரும் நேரம் செய்வது.

‘வெறும் வயிறு’ என்பதற்கும் வரைவிலக்கணம் உண்டு: குறைந்தது எட்டு மணித்தியாலம் கலோரி உள்ள எதையும் உட்கொள்ளாமல் இருப்பது. முஸ்லிம் ஊர்களில் ரமழான் மாதத்தில் இது ஒரு விசித்திரமான நிலைமையைக் கொண்டுவரும். சஹர் முடித்து நோன்போடு இருப்பவர் பின்னேரம் மூன்று மணிக்கு வந்து, ‘பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றும் சாப்பிடவில்லை, இப்போதே எடுங்கள்’ என்பார். சொற்படி அவர் சொல்வது சரி. ஆனால் 126 என்ற எண்ணை உருவாக்கிய ஆய்வுகள் இரவு உறங்கி எழுந்தவர்களின் காலைக் குருதியை வைத்துச் செய்யப்பட்டவை. விடியற்காலையில் கோட்டிசோல் முதலான ஓமோன்கள் ஏறுவதால் ஈரல் குளுக்கோசை வெளியே விடும். பின்னேரத்தில் அந்தத் தள்ளல் இல்லை. அமெரிக்கத் தேசிய ஆய்வொன்றின் தரவுகளை வைத்து 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரை ஒன்று, வெறும் வயிற்றோடு பின்னேரத்தில் அளக்கப்பட்டவர்களில் 126-ஐத் தாண்டியோர், காலையில் அளக்கப்பட்டவர்களில் தாண்டியோரின் பாதியளவுதான் என்று காட்டியது. ஆகவே நோன்பில் பின்னேரம் எடுத்த 118 என்ற எண்ணைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு இரண்டு வருடம் பரிசோதனைப் பக்கமே வராமல் இருப்பது சரியல்ல. நோன்பு வைக்கும் நீரிழிவாளருக்கு அதே பின்னேரத்து அளவு வேறொரு விதத்தில் பெறுமதியானது. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனமும் ரமழான்–நீரிழிவுக் கூட்டமைப்பும் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி, 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேலே ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்கிறது. ஒரே குருதி, ஒரே குளுக்கோசு. நோயைக் கண்டுபிடிக்க ஓர் எல்லை, அன்றைய நாளைப் பத்திரமாகக் கடக்க வேறு எல்லை.

இரத்தச்சோகைக்கு வந்தால் முறையின் ஆட்சி இன்னும் வெளிப்படை. ஹீமோகுளோபினை (எச்.பி.) அளக்கும் சாலி ஹீமோமீற்றரை இன்றைய இளம் தொழினுட்பவியலாளர்கள் அலுமாரியில்தான் கண்டிருப்பார்கள். 0.02 மில்லிலீற்றர் குருதியை ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் விட்டு, கபில நிறம் வரும்வரை பொறுத்து, பக்கத்திலுள்ள கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துவரும்வரை காய்ச்சிவடித்த நீரைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். கண்தான் கருவி. மாலை வெளிச்சத்தில் ஓர் எண், யன்னலோரத்தில் ஓர் எண். போதாததற்குக் குழாயில் கிராமுக்குப் பதில் வீதக் கணக்குப் போட்டிருக்கும். ஒரு தயாரிப்பில் 100 வீதம் என்றால் டெசிலீற்றருக்கு 14.5 கிராம், இன்னொன்றில் 17.3 கிராம். கர்ப்பிணித் தாய்க்கு ‘எச்.பி. 70 வீதம்’ என்று எழுதினால், முதற் குழாயில் அது 10.1 கிராம், இரண்டாவதில் 12.1. முதலாமவருக்குச் சோகை, இரண்டாமவருக்கு இல்லை. ட்ரப்கின் கரைசலோடு நிறமானியில் அளக்கும் முறை பரவிய பின்புதான் 11 கிராம் என்ற எல்லைக்கு உண்மையில் பொருள் வந்தது.

அந்த 11-உம் வானத்திலிருந்து இறங்கியதல்ல. 1968-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் குழு, ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் 11 என்று வைத்தது. கையிலிருந்த ஆய்வுகள் சொற்பம், அவையும் பெரும்பாலும் மேற்கு நாட்டவை. இருந்தும் அரைநூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுக்க அந்த எண்களே ஆண்டன. கர்ப்ப காலத்தில் குருதியின் திரவப் பகுதி ஏறத்தாழப் பாதி அளவுக்குக் கூடுகிறது, செங்கலங்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அதனால் நடு மாதங்களில் ஹீமோகுளோபின் தானாகவே தாழ்ந்து நிற்கும். தாயின் உடல் திட்டமிட்டுச் செய்யும் அந்த ஐதாக்கலுக்கும் சோகை என்றே பெயர் விழுந்தது. 2024-இல்தான் உலக சுகாதார ஸ்தாபனம் இரண்டாம் மும்மாதத்துக்கு 10.5 என்றும், ஆறு முதல் இருபத்துமூன்று மாதப் பிள்ளைக்கு 10.5 என்றும் எல்லையைத் திருத்தியது. சோகை என்ற சொல்லுக்கு இரும்புச்சத்துக் குறைவு என்று தானாகவே பொருள் கொள்ளும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. தலசீமியாவின் ஒற்றைப் பரம்பரையலகைக் காவுபவருக்கு ஹீமோகுளோபின் எப்போதும் சற்றுத் தாழ்ந்தே நிற்கும். இரும்புக் குளிசையால் அது ஏறாது. நெருங்கிய சொந்தத்துக்குள் திருமணம் நடக்கும் குடும்பங்களில், ஏறாத அந்த எண்ணுக்குக் காரணம் தேட வேண்டியது இன்னும் அவசியம். குளிசையை இரட்டிப்பாக்குவது தேடலாகாது.

பிறப்பு நிறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2500 கிராம் என்ற எல்லையை 1919-இல் ஃபின்லாந்தைச் சேர்ந்த சிறுவர் மருத்துவர் ஆர்வோ இல்ப்போ முன்வைத்தார். 1948-இல் அது சர்வதேச வரைவிலக்கணமானது. ‘2500 அல்லது அதற்குக் குறைவு’ என்றிருந்ததை 1976-இல் ‘2500-க்குக் குறைவு’ என்று மாற்றினார்கள். ஒரு கிராம் வித்தியாசம்தானே என்று தோன்றும். பிரசவ அறையில் தராசை வாசிப்பவர்கள் முழு எண்ணுக்கு மட்டமாக்கி எழுதுவது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம். 2500 என்று எழுதப்பட்ட பிள்ளைகள் எப்போதும் ஏராளம். அத்தனை பேரும் ஒரு சொல் மாற்றத்தால் கணக்கை விட்டு வெளியேறினார்கள். வளர்ச்சி வரைபில் நடந்தது இதைவிடப் பாரதூரமானது. 2006-க்கு முன் உலகம் பாவித்த கோடு பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த அமெரிக்கப் பிள்ளைகளின் கோடு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை மூன்று நான்கு மாதத்தில் அந்தக் கோட்டிலிருந்து கீழே சரிவதாகத் தெரியும். ‘உம்மாவுக்குப் பால் காணாது’ என்ற பேச்சுக்கும் மாப்பால் பேணிக்கும் அந்தக் கோடு துணை போனது. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா என்ற ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளை அளந்து புதிய கோடு போட்டபோது, அந்தச் சரிவில் பெரும்பகுதி மறைந்தது. பிள்ளைகள் முன்பும் நன்றாகத்தான் வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

போசணையில் ‘புரதம்’ என்ற சொல்லே ஆய்வுகூடத்தில் வேறு. உணவிலுள்ள புரதத்தைப் பொதுவாக நேரே அளப்பதில்லை. 1883-இல் யொஹான் கெல்டால் கண்டுபிடித்த முறையில் நைதரசனை அளந்து 6.25-ஆல் பெருக்குவார்கள். புரதத்தில் 16 வீதம் நைதரசன் என்ற அனுமானத்தில் வந்த எண் அது. அரிசிக்கு 5.95, பாலுக்கு 6.38 என்று தனி எண்களும் உண்டு. பெரும்பாலும் இந்த முறை நன்றாகவே உழைக்கிறது. எங்கே வழுக்கும் என்பதற்கு எங்கள் கடலே உதாரணம் தரும். சுறாவின் தசையிலும் திருக்கையின் தசையிலும் யூரியா நிறைய இருக்கிறது. யூரியா நைதரசன் கொண்டது, புரதமல்ல. ஆகவே பால் ஊறட்டும் என்று பிள்ளைப் பெற்ற தாய்க்குக் கொடுக்கும் சுறாவின் புரதத்தை நைதரசன் கணக்கில் எழுதினால், உள்ளதைவிடக் கூடவே எழுதுவோம். சுறா நல்ல உணவுதான், எண் கொஞ்சம் பெருத்தது, அவ்வளவே. அதே ஓட்டையை 2008-இல் சீனாவில் தெரிந்தே பாவித்தார்கள். தண்ணீர் கலந்த பாலில், மூன்றில் இரண்டு பங்கு நைதரசனாலான மெலமைனைச் சேர்த்தபோது ‘புரதம்’ சரியாக வந்தது. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். பரிசோதனை செய்தவர்கள் பொய் எழுதவில்லை. அவர்கள் அளந்த பொருளின் பெயர் நைதரசன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு இரண்டு விதமான ஆட்சேபம் வரும். ஒன்று அனுபவமுள்ள வைத்தியர்களிடமிருந்து: எண்ணை விடுங்கள், கண்மடலைக் கீழே இழுத்துப் பார்த்தாலே சோகை தெரியும், ஆளைப் பார்த்தால் வருத்தம் தெரியும். கடுமையான சோகை தெரியும்தான். 10-க்கும் 11-க்கும் இடையில் உள்ளதைக் கண்மடலில் இரண்டு வைத்தியர்கள் ஒரே மாதிரிக் காண்பது அரிது. வரம்பில்லாத வைத்தியத்தில் நிந்தவூர்த் தாய்க்கும் திருக்கோவில் தாய்க்கும் ஒரே நியாயம் கிடைக்காது, எந்த ஊருக்கு எத்தனை குளிசை அனுப்புவது என்றும் தெரியாது. எல்லை வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்பதும் கூடவே தெரிய வேண்டும். இரண்டாவது ஆட்சேபம் எங்கள் தொழிலுக்குள்ளிருந்தே வருகிறது: இதையெல்லாம் நோயாளிக்குச் சொன்னால் குளிசையை நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றும் சொல்லாதபோது நிறுத்துபவர்கள் அதைவிட அதிகம் என்பதே நான் கண்டது. இரண்டு ஆய்வுகூடத்தில் இரண்டு எண்ணைப் பார்த்த மனிதருக்கு யாரும் காரணம் சொல்லாவிட்டால், அவர் தாமே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார். அது பெரும்பாலும் ‘இவங்க காசுக்குச் செய்றாங்க’ என்பதாகவே இருக்கும். நீரிழிவுக்கு அறிகுறி ஏதும் இல்லாதவரில், ஒரு தடவை 126 வந்தால் போதாது, இன்னொரு தடவையும் உறுதிப்படுத்த வேண்டும் என்பது அந்த வரைவிலக்கணத்திலேயே எழுதியுள்ள வாசகம். அதைச் சொல்லாமல் விட்டு முதல் ரிப்போட்டோடு ஆளுக்குப் பெயர் சூட்டுவதுதான் நம்பிக்கையைக் கெடுக்கிறது.

வரைவிலக்கணம் யாரைக் கணக்கில் எடுக்கிறது, யாரை வெளியே தள்ளுகிறது என்பது சிறுநீரக நோயில் மிகக் கூர்மையாகத் தெரியும். 1990-களில் அனுராதபுரப் பக்கம் விவசாயிகளிடம் கண்டறியப்பட்டு, பின்பு வேறு மாவட்டங்களிலும் அம்பாறையின் உட்பகுதிகளிலும் பேசப்பட்ட நோய்க்கு ‘காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்’ என்று பெயர். காரணம் தெரியாத ஒன்றை எப்படி வரைவிலக்கணம் செய்வது? தெரிந்த காரணங்களைக் கழித்துத்தான். 2009-இல் சுகாதார அமைச்சு வகுத்த வரைவிலக்கணத்தின்படி, நீரிழிவு இருக்கக் கூடாது, நீண்டகாலச் சீனியளவைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.5 வீதத்துக்குக் குறைய இருக்க வேண்டும், குருதியமுக்கம் மருந்தில்லாமல் 160/100-க்கும், இரண்டு மருந்து வரை எடுப்பவருக்கு 140/90-க்கும் கீழே நிற்க வேண்டும், பாம்புக்கடி வரலாறும் இருக்கக் கூடாது. ஆராய்ச்சிக்கு இது அருமையான சல்லடை. கண்ணாடி விரியனின் நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் பாம்புக்கடியை விலக்கியதும் நியாயமே. ஆனால் இதே சல்லடையைக் கொண்டு ‘இந்தப் பகுதியில் இந்த நோய் இருக்கிறதா’ என்று தேடும்போது நடப்பது வேறு. வயலில் ஒரு தரம் பாம்பு கடித்த விவசாயி கணக்கில் வரமாட்டார். சீனி வருத்தம் மலிந்த கரையோர ஊரைச் சேர்ந்து, குளத்தடி வயலில் அதே வெயிலில் நின்று அதே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் நீரிழிவாளரும் வரமாட்டார். அவருடைய சிறுநீரகத்தைச் சீனி மட்டும்தான் கெடுத்தது என்று தாள் சொல்லிவிடும். நீரிழிவு கூடிய ஊரில் இந்த நோய் குறைவாகத் தெரிவது, நோயைப் பற்றிச் சொல்வதைவிடச் சல்லடையைப் பற்றியே கூடுதலாகச் சொல்லக்கூடும்.

இதற்கு அடியில் கிடப்பது கிரியேற்றினின் என்ற ஓர் எண். மக்ஸ் ஜஃபே 1886-இல் விவரித்த பிக்கிறிக்கமிலத் தாக்கம் இன்றும் பல ஆய்வுகூடங்களில் அதற்குப் பயன்படுகிறது. கீற்றோன் முதலான வேறு பொருட்களும் அதில் நிறம் தரும், பிலிரூபின் கூடினால் எண் தாழும். அந்த எண்ணைச் சிறுநீரகத்தின் வடிகட்டல் வேகமாக மாற்றும் சூத்திரம் 1999-இல் ஒன்று, 2009-இல் ஒன்று, 2021-இல் இன்னொன்று. கடைசியில் வந்தது, முன்னைய சூத்திரங்கள் கறுப்பினத்தவருக்குத் தனியே சேர்த்திருந்த பெருக்கத்தைக் கைவிட்டது. இவை முக்கியமாக அமெரிக்கர்களின் தரவுகளில் கட்டப்பட்டவை. கிரியேற்றினின் தசையிலிருந்து வருவது. மெலிந்த எங்கள் விவசாயியின் தசை குறைவு என்பதால் சூத்திரத்தில் அவருடைய சிறுநீரகம் உள்ளதைவிட நல்லதாகத் தோன்றும். மாறாக, நாள் முழுக்க வெயிலில் வெட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் வந்து குருதி கொடுத்தால் உள்ளதைவிடக் கெட்டதாகத் தோன்றும். வடிகட்டல் வேகம் நிமிடத்துக்கு 60 மில்லிலீற்றருக்குக் கீழே, மூன்று மாதத்துக்கு மேல் என்பதே நாட்பட்ட நோயின் சர்வதேச எல்லை. வாக்கியத்தின் முதற் பாதி கணினியில் தானாக அச்சாகிவிடுகிறது. இரண்டாம் பாதிக்கு அதே ஆள், நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு, வயல் வேலைக்கு இறங்காத ஒரு காலையில் திரும்பி வர வேண்டும். அறுவடைக் காலத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சாகாமத்திலிருந்து அவர் வருவதற்கான பஸ் காசையும் நேரத்தையும் எந்த வரைவிலக்கணமும் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் பதிவேடுகளில் முதல் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டாவது எண்ணுக்கான கட்டம் பெரும்பாலும் வெறுமையாகக் கிடப்பதன் காரணம் மருத்துவத்துக்கு வெளியேதான் இருக்கிறது.